தேவாங்கை நடுவில் வைத்து ஒரு விளையாட்டு வழிபாட்டுக் கூட்டம்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தொடங்க முழுமையான வழிகாட்டி

மாதம் ஒரு சாயங்காலம் பதினைந்து, இருபது பேர் ஒரு தோப்பில் கூடுகிறார்கள். தேவாங்கு, அழுங்கு என்கிற எறும்புத்தின்னி, கூகை என்று பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படாத ஓர் உயிரைப் பேச்சின் நடுவில் வைக்கிறார்கள். கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் உட்காருகிறார்கள். விடுகதை போடுகிறார்கள், முகமூடி மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறார்கள், அவரவர் வழியில் வேண்டிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். சாமி கும்பிடுகிறவர், தொழுகிறவர், ஜெபிக்கிறவர், எதையும் நம்பாதவர் எல்லாரும் வரலாம். இந்த வழிகாட்டி அப்படி ஒரு கூட்டத்தைத் தொடங்குவது பற்றியது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசையாகத் தொடங்கிய பலர் மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆர்வம் குறைந்து அல்ல, வரிசை மாறிப்போய். முகமூடியை முதலில் செய்துவிட்டு இடத்தைக் கடைசியில் தேடுகிறார்கள். நிகழ்ச்சியை எழுதி முடித்தபிறகு யார் வருவார்கள் என்று யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாங்க வேண்டியது அதிகமில்லை. கெட்டி அட்டை போட்ட நோட்டு இரண்டு. டார்ச் நான்கைந்து, அவற்றின் கண்ணாடியில் ஒட்டச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம். குடிதண்ணீர்க் கேன். பக்கத்து வனச்சரக அலுவலகம், காவல் நிலையம் இரண்டின் எண்கள் ஒரு தாளில். அவசரத்துக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போக ஒரு நான்கு சக்கர வண்டி, அதை ஓட்டத் தெரிந்த இரண்டு பேர். மைக், ஸ்பீக்கர், பேனர், பூமாலை எதுவும் வேண்டாம்.

1. முதலில் ஐந்து பேர், வாட்ஸ்அப் குரூப் அப்புறம்

குரூப் தொடங்கினால் ஒரே ராத்திரியில் அறுபது பேர் சேர்ந்துவிடுவார்கள். முதல் கூட்டத்துக்கு வந்து நிற்பது தொடங்கியவரும் அவர் மச்சானும்தான். அதனால் நேரில் பார்த்துப் பேசிய ஐந்து பேர் முதலில் வேண்டும்.

அந்த ஐந்து பேரும் ஒரே தெருவாக, ஒரே சாதியாக, ஒரே வயதாக இருக்கக் கூடாது. அப்படி இருந்துவிட்டால் ஆறாவதாக வருபவர் கூட்டத்தில் ஒருவராக ஆகமாட்டார், விருந்தாளியாகவே நிற்பார். குறைந்தது இரண்டு பெண்கள் வேண்டும். ஒருத்தி மட்டும் என்றால் அவள் தலையில் சமையலும் கோலமும் தானாக விழுந்துவிடும். எதையும் நம்பாத ஓர் ஆளும் வேண்டும். அவர் ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐவரும் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இதற்கு வர ஆசைப்பட்டும் தயங்கப்போவது யார்? ஊருக்குள் கூட்டம் என்றால் காலனிக்காரர் தயங்குவார். மாதவிடாய் நாளில் இருக்கும் பெண் தயங்குவாள். திருநங்கை தயங்குவார். சக்கர நாற்காலிக்காரர் வரப்பைத் தாண்ட முடியாது. தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர், கிருஷ்ணகிரியில் உருது பேசுபவர், தமிழ்ப் பாட்டுக் கூட்டம் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள்.

எழுதியதை அழைப்பிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "தீட்டு என்று இங்கே எதுவும் இல்லை. சாதி கேட்பதில்லை. எந்த மொழியும் பேசலாம்" என்று மூன்று வரி போதும். "அனைவரும் வருக" என்பதை நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. எல்லாக் கோயில் நோட்டீசிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது.

2. உயிரைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு நான் வைத்திருக்கும் சல்லடையில் நான்கு கண்கள். ஏற்கெனவே யாருடைய சாமியாகவும் இருக்கக் கூடாது. யானை, நாகம் இரண்டும் இதிலேயே கழிந்துவிடும், பிள்ளையாரையும் நாகம்மாவையும் விளையாட்டுக்கு இழுத்தால் மனம் நோகும். கட்சிச் சின்னமாக இருக்கக் கூடாது. வீட்டுப் பிராணியாக வளர்க்க ஆசை வருகிற உயிராக இருக்கக் கூடாது. எளிதில் பார்க்கக் கிடைக்கக் கூடாது. கடைசிதான் முக்கியம். பார்க்க முடியாததை நினைத்து உட்காரும்போதுதான் காது திறக்கிறது.

தேவாங்கு நான்கிலும் தேறும். முந்நூறு கிராம் வாக்கில் உடம்பு, வால் கிடையாது, குச்சிக் கைகால், முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட கண்கள். முட்புதர்க் காட்டிலும் தோப்போரத்திலும் வாழக்கூடியது. பூச்சிதான் அதன் முக்கிய இரை. ஒல்லியான ஆளைப் பார்த்து "தேவாங்கு மாதிரி இருக்கிறான்" என்று ஏளனம் செய்கிறோமே, அந்த ஏளனத்தாலேயே அது நமக்குப் பொருத்தம். ஏளனப்பட்டவர்கள் தயங்காமல் வந்து உட்காருகிறார்கள்.

அழுங்கும் நல்ல தேர்வு. செதில் போர்த்திய உடம்பு, எறும்பும் கறையானும் தின்னும், பயந்தால் பந்தாகச் சுருண்டுவிடும். கூகை, சாக்குருவி என்று பழி சுமந்த இரவுப் பறவைகளையும் எடுக்கலாம். ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் மாதமே ஆந்தையில் தொடங்காதீர்கள். அலறல் கேட்டால் சாவு என்ற நம்பிக்கை இன்னும் பலமாக இருக்கிறது, பாட்டிகள் பேரப்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

காடு மலையில் வாழ்கிற இருளர், மலையாளி என்னும் பழங்குடி மக்களின் வன தெய்வங்களை எடுத்து விளையாட வேண்டாம். அது அவர்களுடைய வழிபாடு, நமக்குக் கருப்பொருள் அல்ல. சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ ஒருவர் வந்து தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் அதை நிகழ்ச்சியாக்கிவிடாதீர்கள்.

3. நெச நோட்டு, கதை நோட்டு

இதைத் தேவையில்லாத வேலை என்று தள்ளுபவர்கள்தான் அதிகம். நான் இதைத்தான் ரொம்ப அழுத்திச் சொல்வேன்.

ஒரு நோட்டில் அந்த உயிரைப் பற்றிய நெசம் மட்டும். இன்னொன்றில் நாமே கட்டிய கதை. "தேவாங்கு இரவில் தனியாக இரை தேடும், பகலில் இரண்டு மூன்றாகச் சுருண்டு தூங்கும்" என்பது நெச நோட்டு. "நிலாவிடம் கண்ணைக் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தர மறந்தது" என்பது கதை நோட்டு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் ஆறு மாதத்தில் எது எது என்று யாருக்கும் தெரியாது.

கலந்தால் என்ன கெடும்? உயிர் போகும். தேவாங்கின் கண்ணிலும் உடம்பிலும் மருந்தும் மாந்திரீகமும் இருப்பதாக யாரோ கட்டிய கதையால்தான் அதைப் பிடிக்கிறார்கள். அழுங்கின் செதிலுக்கும் அதே கதி. பக்கத்தில் சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்துக் கோயிலைச் சுற்றிக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது, வனத்துறை தடுத்து அபராதம் போட வேண்டிவந்தது. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பது கேட்க அழகான கதைதான். அதை நெசமாக எடுத்துக்கொண்டதும் கண்ணியோடு புறப்பட்டுவிடுகிறார்கள்.

அதனால் கதை நோட்டுக்கு ஒரு விதி: "பார்த்தால் அதிர்ஷ்டம்", "தொட்டால் நோய் தீரும்", "வீட்டில் இருந்தால் செல்வம்" என்று முடியும் கதை எதுவும் அதில் ஏறக் கூடாது. இதைக் காவல் காப்பதற்குத்தான் நம்பாத ஆள் ஒருவர் வேண்டும் என்றேன். நெச நோட்டு அவர் கையில் இருக்கட்டும்.

4. இடம்

காட்டுக்குள் போகக் கூடாது. இதைக் கேட்டதும் புதியவர்கள் முகம் வாடிவிடும். ஆனால் இதில் பேச்சே இல்லை. நம் இரண்டு மாவட்டக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அதில் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், ராத்திரியில் இருபது பேர் உள்ளே போனால் எந்த உயிரை மதிக்கப் போகிறோமோ அதுவே முதலில் ஓடும்.

காட்டிலிருந்து தள்ளியிருக்கும் மாந்தோப்பு, புளியந்தோப்பு, ஏரிக்கரை போதும். பார்க்க வேண்டியவை:

டவுன் பஸ் போகும் வழியாக இருக்க வேண்டும். பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை, கையில் காசு இல்லாதவளும் யாரையும் கேட்காமல் வந்துவிடுவாள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி நிகழ்ச்சியை முடியுங்கள்.

கழிப்பறை வேண்டும். பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் கதவோடு ஒன்று இருந்தால் அந்தத் தோப்பையே எடுங்கள், மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

யாரும் கூசாமல் நடந்து வரக்கூடிய பாதையாக இருக்க வேண்டும். ஊர்க்கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் சிலருக்கு அந்த வழி இன்றும் கடினம். காலனியிலிருந்து வரும் ஒருவரை உடன் அழைத்துப்போய் இடத்தைக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாந்தோப்பு என்றால் சொந்தக்காரர் சம்மதம் மட்டும் போதாது. காய்ப்புக் காலத்தில் தோப்பு குத்தகைக்குப் போயிருக்கும், காவலுக்கு ஆள் இருப்பார். ஏப்ரல் முதல் ஜூலை வரை குத்தகைதாரரையும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மாங்காய்த் திருடன் என்று டார்ச் அடித்துத் துரத்துவார்கள், அதில் நியாயமும் உண்டு.

நடுகல், கற்திட்டை, பழைய கோட்டை இருக்கும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். மல்லச்சந்திரம் மாதிரி இடங்கள் மனதை இழுக்கும்தான். ஆனால் ராத்திரியில் அங்கே கும்பலாகப் போனால் புதையல் தோண்ட வந்தவர்கள் என்றுதான் ஊர் நினைக்கும். கற்களுக்கும் கேடு.

5. நாள் குறிப்பது

பௌர்ணமி என்றுதான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். வேண்டாம். அன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறவர்களால் பஸ் நிரம்பி வழியும், பாதிப்பேர் கோயிலுக்குப் போயிருப்பார்கள். அமாவாசையும் வேண்டாம். முன்னோர் வழிபாடு உண்டு, பேய்ப் பேச்சும் கிளம்பும்.

வளர்பிறை தசமிக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் வரும் சனிக்கிழமையைப் பாருங்கள். அந்த நாள்களில் பொழுது சாயும்போதே நிலா மேலே ஏறியிருக்கும், டார்ச் இல்லாமலே பாதை தெரியும். பௌர்ணமி கழிந்தால் நிலா நேரம் கழித்துத்தான் எழும், திரும்பும்வரை இருட்டாகவே இருக்கும். சனிக்கிழமை அமையாத மாதத்தில் ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.

ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு, ஊடேதுர்க்கம் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ராகி கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் இறங்கி வரும். ஐப்பசி தொடங்கி அறுவடை முடிந்து யானை திரும்பும்வரை அங்கே இரவுக் கூட்டமே வைக்காதீர்கள். பகல் 3 மணிக்கு வைத்து வெளிச்சம் இருக்கும்போதே கலைந்துவிடுங்கள். இரவு கூடினால்தான் அழகு என்று அடம்பிடிப்பவரை ஒரு ராத்திரி ராகிக் கொல்லைப் பரணில் காவலுக்கு உட்கார வையுங்கள், அடம் போய்விடும்.

6. சொல்ல வேண்டியவர்களிடம் முன்கூட்டியே சொல்வது

காவல் நிலையத்தில் ஒரு பக்கக் கடிதம்: இடம், நேரம், எத்தனை பேர், யார் பொறுப்பு. நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்க்கவுண்டரிடமும் காலனிப் பெரியவரிடமும் தனித்தனியாக நேரில் சொல்லுங்கள். ஒருவரிடம் சொல்லி அவர் மற்றவரிடம் சொல்வார் என்று விட்டால் அது அழைப்பாக இருக்காது, உத்தரவாக மாறியிருக்கும்.

இவ்வளவு எதற்கு என்றால், 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அயல் ஆட்கள், முகமூடி, இரவு, குழந்தைகள் எல்லாம் நம் கூட்டத்தில் இருக்கின்றன. முன்னாலேயே தெரிந்திருந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

7. தலைவர் வேண்டாம், கட்டியங்காரன் வேண்டும்

இரண்டு மூன்று கூட்டம் நன்றாக நடந்தால் ஒருவர் மெல்லக் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பார். நான்கு பேர் அவர் காலடியில் உட்காருவார்கள். அடுத்து அவர் சொல்வது நடக்கும் என்று பேச்சு வரும். ஒரு சாமியார் முளைத்தாயிற்று. நான் பார்த்தவரை இப்படிப்பட்ட கூட்டங்களைப் பணத்தைவிட, சண்டையைவிட அதிகம் கெடுப்பது இதுதான்.

இதற்கு மருந்து நம் தெருக்கூத்திலேயே இருக்கிறது. ராஜா வேடத்தை மேடையிலேயே கிண்டலடிக்க உரிமை உள்ளவன் கட்டியங்காரன். அவன்தான் எல்லாரையும் அறிமுகம் செய்வான், இழுத்தால் முடி என்பான், அழுகைக் கட்டத்தில் ஒரு நக்கல் விட்டு மூச்சு வாங்க வைப்பான். மாதாமாதம் சீட்டுக் குலுக்கி ஒருவரைக் கட்டியங்காரனாக எடுங்கள். பெண், ஆண், பதினைந்து வயதுப் பிள்ளை, எழுபது வயதுத் தாத்தா யாருக்கு வந்தாலும் அன்று அவர் சொல்தான்.

கட்டியங்காரனுக்கு மூன்று வேலை: தொடங்குவது, நேரம் பார்ப்பது, யாராவது உபதேசம் தொடங்கினால் கைதட்டி நிறுத்துவது. ஒரு தடையும் உண்டு. சாதி, உடம்பு, நிறம், குடும்பம் பற்றிக் கிண்டல் கூடாது. கிண்டல் எப்போதும் அதிகாரம் செய்பவர் பக்கம் போக வேண்டும், வாயில்லாதவர் பக்கம் வரக் கூடாது. விளையாட்டு என்பது இந்தக் கூட்டத்துக்கு அலங்காரம் அல்ல, பூட்டு. அதைக் கழற்றிவிட்டு ஆன்மிகத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் அக்கறையோடு சொல்வார்கள். கேட்காதீர்கள்.

8. முகமூடி

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, கொட்டாங்குச்சி, பனையோலை, கரித்துண்டு போதும். இறகு, எலும்பு, தோல், செதில் எதையும் ஒட்டாதீர்கள். தரையில் கிடந்து எடுத்த இறகாக இருந்தாலும் வேண்டாம். அழகாக இருந்தால் அடுத்தவர் தேடிப்போவார், காட்டுயிர்ப் பொருளை வைத்திருப்பதும் சட்டச் சிக்கல்.

கண் துளை பெரிதாக இருக்கட்டும், வாய்ப்பக்கம் திறந்திருக்கட்டும். தோப்புக்கு உள்ளே வந்தபின்தான் மாட்ட வேண்டும், ரோட்டுக்குப் போகும் முன் கழற்ற வேண்டும். காரணம் ஆறாம் படியில் சொன்னதுதான். சின்னக் குழந்தைகள் முன்னால் முகமூடியை முதலில் கையில் கொடுங்கள், அவர்களே நம் முகத்தில் மாட்டிவிடட்டும். திடீரென்று மாட்டிக்கொண்டு "ப்பே" என்று கத்தும் மாமாக்களைக் கட்டியங்காரன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார்.

9. சாப்பாடு: கட்டிக்கொண்டு வருவது அல்ல, கூடிச் செய்வது

அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து பகிர்ந்துகொள்ளலாம் என்பது பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் கவனித்துப் பாருங்கள், தெரிந்த வீட்டு டப்பாவில்தான் கை போகும். ஒரு சில டப்பாக்கள் அப்படியே மூடி திரும்பிப்போகும். கொண்டுவந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார்.

அதனால் ஒரே பானை. வந்ததும் சீட்டெடுத்து வேலையைப் பிரியுங்கள்: ஒருவர் கடலை கழுவ, ஒருவர் அடுப்பு, ஒருவர் துழாவ. வேகவைத்த நிலக்கடலையும் ராகிக் கூழும் பச்சை வெங்காயமும் இருபது பேருக்குத் தாராளம். களி கிண்ட ஆசைப்படாதீர்கள், அவ்வளவு பேருக்குக் கிண்டத் தெரிந்த கை ஒன்றுதான் இருக்கும், அன்று முழுக்க அவர் அடுப்படியிலேயே கிடப்பார். குடிக்க எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர், ஒரே கூடையில் கவிழ்த்து வையுங்கள்.

அடுப்பு தோப்புக்காரர் வீட்டிலோ பம்ப்செட் கொட்டகையிலோ எரியட்டும், பொழுது சாயும் முன் அணையட்டும். மாசி முதல் வைகாசி வரை சருகு காய்ந்து கிடக்கும், கற்பூரம், ஊதுபத்தி, தீப்பந்தம் எதுவும் கூடாது. கள், சாராயம், பீர் எந்த மாதமும் கூடாது. பெண்களும் பிள்ளைகளும் நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

10. அன்று மாலை நடக்க வேண்டிய வரிசை

செருப்போடு உட்காருங்கள். சாமி காரியம் என்று நினைத்துப் புதியவர்கள் வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். தோப்பில் முள், தேள், பாம்பு எல்லாம் உண்டு. கட்டுவிரியன் நடமாடுவது இரவில்தான். உட்காரும் இடத்தை வெளிச்சத்திலேயே பெருக்கிவிடுங்கள்.

தொடக்கம் கட்டியங்காரனுடையது. கேலியாக ஓர் அறிவிப்பு, யார் யார் புதியவர் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

பிறகு தனித்தல். ஒவ்வொருவரும் பத்தடி தள்ளி, வெளியே பார்த்தபடி, தனியாக உட்காருகிறார்கள். பத்து நிமிடம். போன் ஒரு கூடையில். தேவாங்கு இரவில் தனியே இரை தேடுவதிலிருந்து எடுத்தது இது. தனியாக உட்காரப் பயப்படுகிறவர் இன்னொருவர் முதுகில் முதுகு சாய்த்து உட்காரலாம். பதினைந்து நிமிடத்துக்கு நீட்டாதீர்கள், கொசு ஜெயித்துவிடும்.

அப்புறம் கூடுதல். எல்லாரும் நெருங்கி வட்டமாக உட்கார்ந்து, கேட்ட சத்தம் ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஆள்காட்டி இரண்டு தரம் கத்தியது." "பைபாஸில் லாரி ஹாரன்." "என் வயிறு." கேட்டதை மட்டும்தான் சொல்லலாம், உணர்ந்ததைச் சொல்லக் கூடாது. "ஒரு சக்தியை உணர்ந்தேன்" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் அதைவிடப் பெரிய சக்தியை உணர்ந்தாக வேண்டியிருக்கும். கேட்ட சத்தத்தில் போட்டி கிடையாது.

அடுத்து விடுகதை. "பகலெல்லாம் உருண்டை, ராவெல்லாம் ரெண்டு விளக்கு" என்றால் தேவாங்கு. "ஓடு வேய்ந்த வீடு, கதவே இல்லை, பயந்தால் சுருளும்" என்றால் அழுங்கு. தெலுங்கிலும் கன்னடத்திலும் போடுபவருக்கு முதலிடம் கொடுங்கள், பக்கத்தில் இருப்பவர் தமிழில் தப்பும் தவறுமாகச் சொல்வதுதான் அன்றைய பெரிய சிரிப்பாக இருக்கும். கதை நோட்டில் அன்றைய கதை ஒன்று ஏறும். நெச நோட்டிலிருந்து ஒன்று வாசிக்கப்படும். உதாரணத்துக்கு, நாட்டிலேயே தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 2022-ல் அறிவிக்கப்பட்டது என்று சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு அரசாங்கமே இடம் ஒதுக்கியிருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வேண்டுதல் கடைசியில். வேண்டிக்கொள்பவர் மனசுக்குள் வேண்டலாம், ஒரு வரி வாய்விட்டும் சொல்லலாம். மற்றவர்கள் "அரோகரா" என்றோ "ஆமென்" என்றோ "ஆமீன்" என்றோ கூடச் சொல்லக் கூடாது. கூடச் சொன்னால் எண்ணிக்கையில் பெரிய கூட்டத்தின் குரல்தான் கேட்கும். வேண்டாதவர் இந்த நேரத்தில் இலை போடப் போகலாம்.

டார்ச் அடித்தால் சிவப்புக் காகிதத்தோடு, தரையைப் பார்த்து. மரத்தில் கண் மின்னினால் காகிதம் இல்லாத வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். போனில் ஆந்தைக் குரலைப் போட்டு நிஜ ஆந்தையை வரவழைக்கும் ஆசாமிகள் உண்டு. அது அந்தப் பறவையை வீணாக அலைக்கழிக்கும். படம் எடுத்து இடத்தோடு போட்டால் பிடிக்கிறவன்தான் முதலில் வருவான்.

11. சாமி வந்துவிட்டால்

இதைப் பற்றி யாரும் முன்னாலேயே யோசிப்பதில்லை. பம்பையும் உடுக்கையும் நம் பக்கம் சாமியை அழைக்கும் வாத்தியங்கள். சும்மா தாளத்துக்கு என்று யாரோ எடுத்து அடித்தாலும், கேட்டு வளர்ந்த உடம்பு பதில் சொல்லிவிடும். எனவே அவை இரண்டும் வேண்டாம். தாளம் வேண்டுமென்றால் கைத்தட்டலும் கொட்டாங்குச்சியும் போதும்.

அப்படியும் ஒருவருக்கு அருள் வந்துவிட்டால் முதலில் தாளத்தை நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள், கும்பிட்டு விழவும் செய்யாதீர்கள், குறி கேட்கவே கூடாது. குறி கேட்டால் அன்றோடு கூட்டம் வேறு கூட்டமாகிவிடும். வந்தவருக்குப் பழக்கமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும், கல்லும் வேரும் இல்லாத இடத்துக்கு நகர்த்தட்டும். தெளிந்தபின் தண்ணீர் கொடுத்து, எதுவும் நடக்காதது போல அடுத்த விடுகதைக்குப் போங்கள். வாயில் நுரை, உடம்பு விறைப்பு, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் வலிப்பாக இருக்கலாம். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். கையில் இரும்பைக் கொடுக்க வேண்டாம்.

பாம்பு கடித்தாலும் 108 தான். கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், ஆளை நடக்க விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

12. குழந்தைகள்

பெற்றவரோடு மட்டும். எந்தப் பெரியவரும் அடுத்தவர் பிள்ளையோடு தனியாகத் தோப்புக்குள் போகக் கூடாது, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். இதை முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டால் பின்னால் யாரையும் தனியாகக் கண்டிக்க வேண்டியிருக்காது.

13. பணம்

உண்டியல் வேண்டாம், காணிக்கை வேண்டாம். கடலைக்கும் ராகிக்கும் ஆன செலவை அன்றே சொல்லி, முடிந்தவர் கொடுக்கட்டும், கொடுக்காதவர் பெயரை எழுத வேண்டாம். மிச்சம் வந்தால் அடுத்த மாதக் கடலைக்கு.

நன்கொடை தருகிறேன் என்று யாராவது வந்தால் பதிவு செய்யும்வரை வாங்காதீர்கள். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதியலாம். ஆனால் பதிவு செய்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி வரும், பதவிக்குப் போட்டி வரும். ஒரு வருஷம் பதவி இல்லாமல் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

14. கலைந்தபின்

இரவு 9 மணிக்குள் தோப்பு காலியாக வேண்டும். இலை, கடலைத்தோல், காகிதம் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளுங்கள். தின்ற மிச்சம் கிடந்தால் பன்றி வரும், பன்றி வந்தால் தோப்புக்காரர் அடுத்த மாதம் இடம் தரமாட்டார். பெண்கள் வீடு சேர்ந்ததும் ஐவரில் ஒருவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள், கடைசி கால் வரும்வரை அந்த ஒருவர் தூங்கக் கூடாது.

மறுநாள் வராமல் போனவர்களுக்குப் போன் செய்யுங்கள். "ஏன் வரல" என்று கேட்காமல், "வர்றதுக்கு எது தடையா இருந்துச்சு" என்று கேளுங்கள். பஸ், பாதை, சாப்பாடு, யாரோ சொன்ன ஒரு வார்த்தை, ஏதாவது ஒன்று வெளியே வரும். முதல் படியில் எழுதிய பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டு அடுத்த அழைப்பை எழுதுங்கள்.

இருபத்தைந்து பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். அதற்கு மேல் போனால் கூடுதலில் எல்லாருக்கும் முறை வராது, பின்வரிசை என்று ஒன்று உருவாகிவிடும். பிரியும் கூட்டம் வேறு ஓர் உயிரை எடுத்துக்கொள்ளட்டும், வேறு ஊரில் கூடட்டும். நெச நோட்டைப் படியெடுத்துக் கொடுங்கள். கதை நோட்டைக் கொடுக்க வேண்டாம், அவர்கள் கதையை அவர்களே கட்டிக்கொள்வார்கள். இரண்டு கூட்டமும் ஒரே சனிக்கிழமையில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள்.